விருந்தாளியா, பங்காளியா?

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் சந்ததியை 'வீட்டுக்கு வாருங்கள்' என்று அழைக்கிறது கானா. அழைப்பை ஏற்று வருகிறவர்கள் உறவைத் தேடி வருகிறார்கள். அழைத்த வீடு எவ்வளவு தூரம் திறந்திருக்கிறது?

1998-ஆம் ஆண்டு, கானாவின் கேப் கோஸ்ட் கோட்டைக்கு இரண்டு பேரின் எலும்புகள் வந்துசேர்ந்தன. ஒருவர் ஜமைக்காவில் அடிமையாக வாழ்ந்து மடிந்த கிரிஸ்டல் என்ற பெண். மற்றவர் அமெரிக்காவில் அடிமையாக இருந்த சாமுவேல் கார்சன். கோட்டையின் கடல் பக்கத்தில் 'திரும்பா வாசல்' என்று பெயர்பெற்ற ஒரு கதவு இருக்கிறது. நிலவறைகளில் அடைத்து வைத்திருந்தவர்களை அதன் வழியாகத்தான் படகுகளுக்கு இறக்கினார்கள். அந்த இருவரின் எச்சங்களையும் கடல் பக்கமிருந்து அதே கதவின் வழியாக உள்ளே கொண்டுவந்தார்கள். பிறகு, அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் உள்நாட்டில் இருக்கும் அசின் மான்சோ என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள். இன்று அந்தக் கதவின் வெளிப்புறத்தில், கடலிலிருந்து வருகிறவர்கள் கண்ணில் படும்படி 'திரும்பும் வாசல்' என்று ஒரு பலகை இருக்கிறது.

அந்த ஆண்டுதான் கானா முதன்முறையாக ஆகஸ்ட் முதல் தேதியை அடிமை விடுதலை நாளாகக் கொண்டாடியது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழித்த சட்டம் 1834 ஆகஸ்ட் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. கரீபியத் தீவுகளில் வெகுகாலமாகக் கொண்டாடப்படும் நாள் அது. 1997-இல் ஜமைக்கா சென்றிருந்த கானா அதிபர் ஜெர்ரி ராலிங்ஸ், இந்த விழா நம் மண்ணிலும் நடக்க வேண்டும் என்று தீர்மானித்துத் திரும்பினார்.

செத்தவர்களை வரவேற்பது சுலபம். அவர்கள் ஆறடிக்கு மேல் நிலம் கேட்பதில்லை, கடவுச்சீட்டு கேட்பதில்லை, 'எங்களை விற்றது யார்?' என்றும் கேட்பதில்லை. உயிரோடு வருகிறவர்கள் மூன்றையும் கேட்கிறார்கள். இன்றைய கானாவில் நடந்துகொண்டிருக்கும் வீடு திரும்பலின் கதை, இந்த மூன்று கேள்விகளுக்கும் அந்த நாடு எப்படிப் பதில் சொல்லி வருகிறது என்பதுதான்.

மேலே தேவாலயம், கீழே நிலவறை

அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் சுமார் 1.25 கோடி ஆப்பிரிக்கர்கள் கப்பலேற்றப்பட்டார்கள் என்பது ஆய்வாளர்கள் கப்பல் பதிவேடுகளைத் தொகுத்துக் கண்ட கணக்கு. உயிரோடு அக்கரை சேர்ந்தவர்கள் சுமார் 1.07 கோடி. மீதி கடலோடு போயிற்று. சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 48 லட்சம் பேர் பிரேசிலுக்குப் போனார்கள். இன்று உலகத்தின் கவனம் முழுக்க அமெரிக்கக் கறுப்பின மக்கள்மேல் இருந்தாலும், வட அமெரிக்காவில் நேரடியாக இறக்கப்பட்டவர்கள் நான்கு லட்சத்துக்கும் குறைவு.

அன்று தங்கக் கரை என்று அழைக்கப்பட்ட கானாவின் கடலோரம், இந்த வணிகத்தின் பெரிய சந்தைகளில் ஒன்று. எல்மினா கோட்டையை 1482-இல் போர்த்துகீசியர்கள் கட்டினார்கள். அப்போது அவர்கள் தேடியது தங்கம். 1637-இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். 1872-இல் அது பிரிட்டனின் கைக்கு மாறியது. பக்கத்திலேயே கேப் கோஸ்டில் 1653-இல் ஸ்வீடன் நாட்டார் தொடங்கிய கோட்டையை அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் ஆங்கிலேயர் கைப்பற்றினார்கள். 1877-இல் தலைநகரம் அக்ராவுக்கு மாறும்வரை தங்கக் கரையின் பிரிட்டிஷ் நிர்வாகம் நடந்தது இங்கேதான். 1979-இல் இந்தக் கரையோரக் கோட்டைகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் இடம்பெற்றன.

கேப் கோஸ்ட் கோட்டையில் ஆண்களை அடைத்த நிலவறைக்கு நேர் மேலே தேவாலயம் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே பாதிரியாராக இருந்தவர் பிலிப் க்வாக்கே. அதே ஊரில் பிறந்து, சிறுவயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, இங்கிலாந்துத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவர். சுமார் ஐம்பது ஆண்டுகள் அந்தக் கோட்டையில் வழிபாடு நடத்தினார். அவருடைய கல்லறை இன்றும் கோட்டை முற்றத்தில் இருக்கிறது. அடக்கியவன் வெள்ளை, அடங்கியவன் கறுப்பு என்று ஒற்றைக் கோடு கிழித்துவிட்டுப் பார்க்க வருகிறவர்களை அந்தக் கல்லறை சற்று நிறுத்திவைக்கும்.

ஏனென்றால் கோட்டைக்கு வருவதற்கு முன்பே இந்தக் கதை தொடங்கிவிட்டது. ஐரோப்பியர்கள் பெரும்பாலும் கரையைவிட்டு உள்ளே போகவில்லை. போர்களில் சிறைபட்டவர்களையும், கொள்ளையில் பிடிபட்டவர்களையும், கடனுக்கு ஈடாகப் பிடிக்கப்பட்டவர்களையும் உள்நாட்டு அரசுகளும் வணிகர்களும்தான் கடற்கரைக்கு நடத்தி வந்தார்கள். வடக்கே சலாகாவில் பெரிய அடிமைச் சந்தை இருந்தது. பாகா அருகே பிக்வோரோ முகாமில், சிறைபட்டவர்கள் சாப்பிடுவதற்காகப் பாறையில் குடைந்த குழிகளை இன்றும் காட்டுகிறார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடை. அசின் மான்சோவின் ஆற்றில் கடைசிக் குளியல். அங்கே எண்ணெய் தடவி, விலை பேசத் தோதாக்கி, கோட்டைக்கு அனுப்பினார்கள்.

விலைக்குக் கொடுத்த பொருள்களில் நம் கரைக்கும் பங்கு உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வணிகர்கள் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோன சரக்குகளில் இந்தியப் பருத்தித் துணி முக்கியமான ஒன்று. 1721-இல் இந்திய அச்சுத் துணியை உள்நாட்டில் உடுத்தக் கூடாது என்று தடைபோட்ட பிரிட்டன், அதே துணியை ஆப்பிரிக்காவுக்கு மறு ஏற்றுமதி செய்யத் தடையேதும் வைக்கவில்லை. சோழமண்டலக் கரையின் தறிகளில் நெய்த துணி லண்டன் போய், அங்கிருந்து ஆப்பிரிக்கக் கடற்கரையில் மனிதர்களுக்கு ஈடாகக் கைமாறியது. புதுச்சேரியில் நீலச் சாயம் தோய்த்த துணி செனகல் பக்கம் பணமாகவே புழங்கியது. சில்லறைக் காசாக ஓடிய சோழிகள் மாலத்தீவிலிருந்து போயின. நெய்தவர்களுக்கு அந்தத் துணி எதற்குப் போகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அடிமை வணிகத்தை அட்லாண்டிக் கடலுக்குள் மட்டும் வைத்து எழுத முடியாது என்பதற்கு நம் கரையே சாட்சி.

தோழர்களாக வந்தவர்கள்

கானாவுக்குத் திரும்பியவர்களின் முதல் அலை நிலவறைகளைப் பார்த்து அழுவதற்காக வரவில்லை. புது நாடு கட்டுவதற்காக வந்தது. 1957 மார்ச் 6 அன்று தங்கக் கரை கானாவாக விடுதலை பெற்றபோது, விழாவுக்கு வந்தவர்களில் 28 வயது மார்ட்டின் லூதர் கிங்கும் ஒருவர். நாட்டின் முதல் தலைவர் க்வாமே நிக்ருமா அமெரிக்காவில் லிங்கன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அங்கே கறுப்பின அரசியலைக் கற்றவர். ஜமைக்காவின் கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வே 1919-இல் தொடங்கிய 'பிளாக் ஸ்டார் லைன்' கப்பல் நிறுவனம் சில ஆண்டுகளில் நொடித்துப்போனது. ஆனால் அந்தக் கறுப்பு நட்சத்திரம் கானாவின் கொடிக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது.

டிரினிடாட்டைச் சேர்ந்த ஜார்ஜ் பாட்மோர் நிக்ருமாவின் ஆலோசகராக அக்ராவுக்கு வந்தார். 1962 முதல் 1965 வரை அமெரிக்க எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ அங்கே வாழ்ந்தார். அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் 1964-இல் வந்துபோனார். இவர்கள் எல்லோருக்கும் மூத்தவர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ். அமெரிக்க அரசு கடவுச்சீட்டு தர மறுத்ததால் 1957 விடுதலை விழாவுக்கு அவரால் வர முடியவில்லை. 1961-இல், 93 வயதில், ஆப்பிரிக்கக் கலைக்களஞ்சியம் தொகுக்க நிக்ருமா அழைத்தபோது வந்தார். 1963-இல் கானா குடிமகனானார். அதே ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று அக்ராவில் காலமானார். மறுநாள் கறுப்பின உரிமைக்கான வாஷிங்டன் பேரணியில் கூடியிருந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு அவருடைய மறைவுச் செய்தி மேடையிலிருந்து அறிவிக்கப்பட்டது. கலைக்களஞ்சியம் முடியவில்லை.

அந்தத் தோழமைக்கும் எல்லை இருந்தது. நிக்ருமா மீது கொலை முயற்சிகள் நடந்தபோது, அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினத்தவர்கள் மீதும் சந்தேகம் விழுந்ததை ஏஞ்சலோ தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். 1966 பிப்ரவரி 24 அன்று ராணுவம் நிக்ருமாவைக் கவிழ்த்தது. அவரை நம்பி வந்தவர்களில் பலர் மூட்டை கட்ட வேண்டியிருந்தது. ஒரு தலைவரின் அழைப்பை மட்டும் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறவர்களின் கதி, அந்தத் தலைவரின் கதியோடு போய்விடுகிறது. கானா சட்டத்தில் இதற்கு ஒரு பதில் எழுத இன்னும் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

சுவருக்கு யார் சொந்தக்காரர்?

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க உதவிப் பணம் கொண்டு கேப் கோஸ்ட், எல்மினா கோட்டைகளைச் செப்பனிட்டார்கள். சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள். நிலவறையில் விளக்கு போட்டார்கள். கோட்டைக்குள் உணவகமும் நடந்தது. உள்ளூர்க்காரர்களுக்கு இதில் குறை ஒன்றும் தெரியவில்லை. பாழடைந்த கட்டடம் பளிச்சென்று ஆனது, சுற்றுலாப் பணம் வரும். ஆனால் அங்கே குடியேறியிருந்த அமெரிக்கக் கறுப்பினத்தவர்கள் கொதித்தார்கள். எங்கள் முன்னோரின் கல்லறைக்கா வெள்ளையடிக்கிறீர்கள், அவர்கள் செத்த இடத்திலா சாப்பாட்டுக் கடை என்று கேட்டார்கள். எல்மினா அருகே கணவரோடு வந்து குடியேறியிருந்த இமாகுஸ் ஒகோஃபு என்ற பெண்மணி எழுதிய கட்டுரை இந்த எதிர்ப்புக்குக் குரல் கொடுத்தது. உணவகம் மூடப்பட்டது.

கூர்ந்து பார்த்தால் ஒவ்வொரு தரப்பாரும் ஒரே சுவரில் வெவ்வேறு வரலாற்றைப் பார்த்தார்கள். எல்மினா ஊர்க்காரருக்கு அந்தக் கோட்டை ஐந்நூறு ஆண்டுகளாகத் தன் ஊரின் நடுவில் நிற்கும் கட்டடம்: டச்சு வணிகம், காவலர் பயிற்சி, அரசு அலுவலகம் எல்லாம் அங்கே இருந்திருக்கின்றன. உள்நாட்டு அசாந்தே அரசின் மக்களுக்கோ அது, 1896-இல் பிரிட்டிஷார் சிறைபிடித்த தங்கள் அரசர் முதலாம் பிரெம்பேயை நாடுகடத்தும் முன் அடைத்து வைத்த இடம். அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து வருகிறவருக்கு அது ஒன்றே ஒன்றுதான். மூவருடைய நினைவும் உண்மை. ஆனால் நுழைவுச்சீட்டுக் கவுண்டரில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம், அதிகக் கட்டணம். முன்னோர்கள் விலங்கோடு வெளியேறிய வீட்டுக்குள் நுழைய, 'அந்நியர்' என்ற வரிசையில் நின்று கூடுதல் பணம் கட்டுவது எவருக்கும் உறைக்கத்தான் செய்யும்.

இதே காலத்தில் வேறொரு முயற்சியும் தொடங்கியிருந்தது. கானாவின் நாடக ஆசிரியர் எஃபுவா சதர்லேண்ட் 1980-இல் முன்வைத்த யோசனையிலிருந்து, 1992-இல் 'பனாஃபெஸ்ட்' என்ற அனைத்து ஆப்பிரிக்க நாடக, கலை விழா பிறந்தது. கோட்டையைப் பார்வைப் பொருளாக மட்டும் வைக்காமல், கடலின் இரு கரைகளிலும் இருப்பவர்கள் சேர்ந்து கலை செய்யும் இடமாக மாற்ற வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

2019: அழைப்பிதழ்

2000-ஆம் ஆண்டு கானா தன் குடியேற்றச் சட்டத்தில், அயலில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினர் காலவரையின்றித் தங்கி வேலை செய்யும் உரிமைக்கு வழி வைத்தது. 2018 செப்டம்பரில் அதிபர் நானா அக்குஃபோ-அட்டோ வாஷிங்டனுக்கே போய், 2019-ஐ 'திரும்பும் ஆண்டு' என்று அறிவித்தார். 1619-இல் வர்ஜீனியாவின் பாயின்ட் கம்ஃபர்ட்டில் 'இருபதுக்கும் சற்று மேற்பட்ட' ஆப்பிரிக்கர்கள் இறக்கப்பட்டு 400 ஆண்டுகள் நிறைவதை நினைவுகூரும் ஆண்டு அது.

இங்கே ஒரு முரண். 1619-இல் வர்ஜீனியாவில் இறங்கியவர்கள் கானாவிலிருந்து போகவில்லை. அங்கோலாவின் லுவாண்டாவில் கப்பலேற்றப்பட்டு, நடுக்கடலில் ஆங்கிலக் கொள்ளைக் கப்பல்களின் கையில் சிக்கியவர்கள் அவர்கள். ஆனால் அழைத்தது அங்கோலா அல்ல, கானா. ஆங்கிலம் பேசும் நாடு, நிலையான ஆட்சி, நிக்ருமா காலத்து உறவு, கடலோரம் முழுக்கக் கோட்டைகள். இந்த நான்கும் சேர்ந்ததால், எந்தப் பகுதியிலிருந்து முன்னோர் போனார்கள் என்று தெரியாத எல்லோருக்கும் பொதுவான தாய்வீடாக கானா தன்னை முன்வைத்தது.

அழைப்பு பலித்தது. அந்த ஆண்டு 11 லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டவர்கள் கானா வந்தார்கள். பொருளாதாரத்துக்கு 190 கோடி டாலர் பலன் என்று அரசு கணக்குச் சொன்னது. ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்ற அவைத்தலைவர் நான்சி பெலோசியுடன் கறுப்பின உறுப்பினர்கள் குழு வந்தது. மனித உரிமைப் போராளி ஜான் லூயிஸும் அதில் இருந்தார். நவம்பரில் 126 பேருக்குக் குடியுரிமை வழங்கப்பட்டது. 2024 நவம்பரில் ஒரே நிகழ்ச்சியில் 524 பேர் கானா குடிமக்களானார்கள். அதே ஆண்டு மே மாதம், தன் 74-வது பிறந்த நாளில் பாடகர் ஸ்டீவி வொண்டர் கானா குடியுரிமை பெற்றார்.

பக்கத்து நாடுகளும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தன. 2024 செப்டம்பரில் பெனின் ஒரு சட்டம் இயற்றியது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுபோகப்பட்டவரின் சந்ததி என்று மரபணுச் சோதனை, குடும்ப ஆவணம், சாட்சியம் ஆகியவற்றில் ஒன்றால் நிறுவ முடிந்தால் குடியுரிமை கோரலாம் என்கிறது அது. பாடகி சியாரா 2025-இல் அந்தச் சட்டத்தின்கீழ் குடியுரிமை பெற்ற முதல் சிலரில் ஒருவர். 1999-இலேயே அடிமை வணிகத்தில் ஆப்பிரிக்கர்கள் வகித்த பங்குக்காக மன்னிப்புக் கேட்ட அதிபரைக் கொண்ட நாடு பெனின். மத்தியு கெரெகு அதை அமெரிக்க மண்ணில் நின்று கேட்டார்.

ஆயிரத்து இருபத்து நான்கில் ஒருவர்

குடியுரிமை கிடைக்கலாம். எந்த ஊர், எந்தக் குடும்பம் என்ற கேள்விக்கு விடை கிடைப்பது அபூர்வம். கப்பல் கணக்குகளில் மனிதர்களுக்குப் பெயர் இல்லை, எண்ணிக்கைதான் உண்டு. 1976-இல் வெளிவந்த அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' தன் மூதாதையை காம்பியாவின் ஜுஃபுரே கிராமம்வரை தேடிப்போன கதையாகச் சொல்லப்பட்டது. அதன் வம்சாவளிக் கணக்கு நிற்காது என்று பிறகு ஆய்வாளர்கள் காட்டினார்கள். இருந்தும் அந்த நூல் ஒரு தலைமுறையையே தேட வைத்தது.

இப்போது அந்த இடத்துக்கு மரபணுச் சோதனை வந்திருக்கிறது. தாய்வழி மரபணுவைப் பார்த்து, இன்றைய ஆப்பிரிக்காவின் இந்த இனத்தோடு ஒத்துப்போகிறது என்று சொல்கிறார்கள். சியரா லியோன் அதை ஆதாரமாக ஏற்றுப் பலருக்குக் குடியுரிமை கொடுத்திருக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1,024 மூதாதையர். தாய்வழிச் சோதனை அவர்களில் ஒரே ஒரு பெண்ணைத்தான் காட்டும். மீதி 1,023 பேர் எந்தெந்த ஊர்க்காரர்களோ.

உண்மையிலேயே ஊர்வரை போய்ச் சேர்ந்த ஒரு கதை உண்டு. அதற்கு வழிகாட்டியது ஒரு பாட்டு. 1930-களின் தொடக்கத்தில் மொழியியல் அறிஞர் லொரென்சோ டவ் டர்னர், ஜார்ஜியா மாநிலக் கடலோரத்தில் அமீலியா டாலி என்ற பெண் பாடிய ஐந்து வரிப் பாட்டைப் பதிவு செய்தார். பாடியவருக்கே அதன் பொருள் தெரியாது. அது சியரா லியோனின் மெண்டே மொழி என்று தெரியவந்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு மானிடவியலாளர் ஜோசப் ஒபாலா, இசை ஆய்வாளர் சிந்தியா ஷ்மிட், மொழியியலாளர் டாஸியெஃப் கொரோமா மூவரும் ஊர் ஊராகத் தேடி, செனெஹுன் ங்கோலா என்ற கிராமத்தில் அதே பாட்டைப் பாடும் பைண்டு ஜபாட்டி என்ற பெண்ணைக் கண்டார்கள். இறந்தவரை வழியனுப்பும் சடங்கில் பெண்கள் பாடும் பாட்டு அது. 1997-இல் அமீலியாவின் மகள் மேரி மோரன் குடும்பத்தோடு அந்தக் கிராமத்துக்குப் போனார். உள்நாட்டுப் போரில் சிதைந்திருந்த ஊர், சடங்கை மறுபடி நடத்தி அவரை வரவேற்றது.

இருநூறு ஆண்டுகளாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்த பாட்டு கோடியில் ஒரு குடும்பத்துக்குத்தான் வாய்க்கும். மற்றவர்களுக்குப் பழைய உறவு கிடைக்கப்போவதில்லை. புதிதாகத்தான் செய்துகொள்ள வேண்டும். அதற்கு முதலில் வேண்டியது ஒரு மனை.

பத்திரம் யார் பேரில்?

கானாவின் நிலத்தில் சுமார் 80 விழுக்காடு அரசிடமோ தனியாரிடமோ இல்லை. பாரம்பரியத் தலைவர்களின் ஆசனத்துக்கும் குலங்களுக்கும் குடும்பங்களுக்கும் உரியது. அரசியல் சட்டத்தின் 266-ஆம் பிரிவுப்படி குடிமகன் அல்லாதவருக்கு 50 ஆண்டுக் குத்தகைக்கு மேல் கிடையாது. ஆகவே திரும்பி வருகிறவர் ஒரு தலைவரைப் பார்க்கிறார், மரியாதைப் பொருள் கொடுக்கிறார், சடங்கு நடக்கிறது, பட்டப்பெயரும் கிடைக்கலாம். பிறகு வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது, அதே மனையை வேறொரு குடும்பம் வேறொருவருக்கு விற்றிருப்பது தெரியவருகிறது. இது வந்தவர்களுக்கு மட்டும் நடப்பதல்ல, கானாக்காரர்களும் படும் அவதிதான். ஆனால் உள்ளூர்க்காரருக்கு விசாரிக்கச் சித்தப்பா இருக்கிறார். வந்தவருக்கு இடைத்தரகர்தான் இருக்கிறார்.

உள்ளூர்க்காரரின் மனக்குறையையும் கேட்க வேண்டும். டாலர் சேமிப்போடு வருகிறவர்கள் குடியேறும் இடங்களில் வாடகையும் மனை விலையும் ஏறுகின்றன. டிசம்பர் மாதத்து அக்ராவின் இசை விழாக்களில் உள்ளூர் இளைஞர் நுழைய முடியாத விலையில் சீட்டு விற்கிறது. 2022 டிசம்பரில் கானாவின் பணவீக்கம் 54 விழுக்காட்டைத் தாண்டியது. வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நாடு கைவிரித்தது. தன் பிள்ளை அமெரிக்க விசாவுக்கு வரிசையில் நிற்கும்போது, அமெரிக்கக் கடவுச்சீட்டை வைத்திருப்பவர் 'விடுதலை தேடி இங்கே வந்தேன்' என்று சொன்னால், கேட்கிறவருக்குக் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கும்.

இரண்டு பழைய பாடங்கள்

திரும்பி வருவது 2019-இல் தொடங்கியதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் இரண்டு பரிசோதனைகள் நடந்துவிட்டன.

முதலாவது லைபீரியா. 1816-இல் உருவான அமெரிக்கக் குடியேற்றச் சங்கம், விடுதலை பெற்ற கறுப்பினத்தவர்களை ஆப்பிரிக்கக் கரையில் குடியமர்த்தியது. 1847-இல் அவர்கள் தனிக் குடியரசு கண்டார்கள். வந்தவர்கள் ஆண்டார்கள், இருந்தவர்கள் ஆளப்பட்டார்கள். மண்ணின் மக்களுக்கு வாக்குரிமை கிடைக்க 1946 ஆயிற்று. அவர்களைக் கட்டாய வேலைக்கு வெளியே அனுப்பிய ஊழலை உலக நாடுகள் சங்கத்தின் விசாரணைக் குழு வெளிக்கொணர, 1930-இல் அதிபரே பதவி விலகினார். அடிமைத்தனத்திலிருந்து மீண்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னொருவரைக் கட்டாய வேலைக்கு அனுப்பிய கொடுமை அது. 1878 முதல் தொடர்ந்து ஆண்ட அவர்களின் கட்சியை 1980-இல் ராணுவப் புரட்சி ரத்தத்தில் முடித்தது. அதன் பிறகு உள்நாட்டுப் போர்.

இரண்டாவது, அக்ராவிலேயே நடந்தது. 1835-இல் பிரேசிலின் பாஹியாவில் முஸ்லிம் ஆப்பிரிக்கர்களின் கிளர்ச்சி அடக்கப்பட்ட பிறகு, விடுதலை பெற்ற பலர் ஆப்பிரிக்கா திரும்பினார்கள். 1836-இல் ஒரு கூட்டம் அக்ராவில் இறங்கியது. கா இனத் தலைவர்கள் அவர்களுக்கு நிலம் கொடுத்தார்கள். வந்தவர்களிடம் தையல், தச்சு, கொல்லு வேலை, கிணறு வெட்டுதல், நீர்ப்பாசனம் என்று கைத்தொழில்கள் இருந்தன. பெண் கொடுத்து, பெண் எடுத்து, கா மொழி பேசி, கா அரசமைப்புக்குள் தங்களுக்கென்று ஒரு தலைவரையும் பெற்றார்கள். 'தபோம்' மக்கள் என்று இன்றும் அவர்களுக்குத் தனிப் பெயர் உண்டு; நெல்சன், டி சூசா போன்ற குடும்பப் பெயர்களும் உண்டு. குத்துச்சண்டை உலக வாகையர் அசுமா நெல்சன் அந்த வழி வந்தவர். ஆனால் அவரை வெளியூர்க்காரர் என்று கானாவில் எவரும் சொல்லமாட்டார்கள்.

லைபீரியாவில் வந்தவர்கள் எசமானர்களானார்கள். அக்ராவில் பங்காளிகளானார்கள். பாசம் இரண்டு இடத்திலும் ஒரே அளவில்தான் இருந்திருக்கும். வேறுபட்டது ஏற்பாடு: நிலம் யார் கொடுத்தது, எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டார்கள், என்ன கொண்டுவந்தார்கள், யாரோடு மணவினை செய்தார்கள் என்பவை.

போகாதவர்களின் கணக்கு

இன்னும் ஒரு கேள்வி மீதமிருக்கிறது. மிகக் கடினமானதும் அதுதான். கப்பல் ஏறாத அடிமைகள் என்ன ஆனார்கள்?

தங்கக் கரையில் அடிமை முறையை பிரிட்டிஷார் சட்டப்படி ஒழித்தது 1874-இல்தான். அட்லாண்டிக் வணிகம் நின்ற பிறகும் பல தலைமுறைகளுக்கு வீட்டு அடிமைகள் இருந்தார்கள். அவர்கள் எசமானர் குடும்பத்திலேயே கலந்தார்கள். ஒருவருடைய பூர்வீகத்தை வெளியில் சொல்லக் கூடாது என்பது அசாந்தே மரபில் கண்டிப்பான விதி. வந்தவர்களை அவமானமின்றிக் குடும்பத்துக்குள் சேர்த்துக்கொள்ள அந்த விதி உதவியது. அதே விதி வரலாற்றுக்குப் பூட்டும் போட்டது. வாரிசுச் சண்டையிலோ தலைமைப் போட்டியிலோ 'உன் பாட்டி எங்கிருந்து வந்தவள் தெரியுமா?' என்ற குரல் இன்றும் மெல்ல எழுவதுண்டு. கரைக்கு நடத்தி வரப்பட்டவர்களில் பலரைக் கொடுத்த வடபகுதி, இன்றும் நாட்டின் ஏழைப் பகுதி.

அமெரிக்காவிலிருந்து வருகிறவர் 'எங்களை விற்றது யார்?' என்று கேட்கும்போது உள்ளூர்க்காரர் நெளிவதற்குக் குற்ற உணர்ச்சி மட்டும் காரணம் அல்ல. விற்றவரின் வாரிசும் விற்கப்பட்டவரின் வாரிசும் ஒரே வீட்டில், ஒரே பெயரில் இருக்கக்கூடும். வந்தவரின் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லத் தொடங்கினால், போகாதவர்களின் கணக்கையும் திறக்க வேண்டியிருக்கும். கோட்டை வழிகாட்டிகள் ஐரோப்பியர்களின் கொடுமையைத் தயங்காமல் சொல்கிறார்கள். சலாகாவையும் அசாந்தேப் படையெடுப்புகளையும் அதே துணிவோடு பள்ளிப் பாடம் சொல்வதற்கு இன்னும் தூரம் இருக்கிறது.

ஆகவே வீடு திரும்பல் என்பது வந்தவர்களின் காயத்தை ஆற்றும் சுற்றுலா மட்டும் அல்ல. கானாவும் தன்னைப் பற்றி ஒன்றிரண்டு உண்மைகளைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு. 2020-இல் தொடங்கிய 'திரும்புதலுக்கு அப்பால்' என்ற பத்தாண்டுத் திட்டத்தின் வெற்றியை விமான நிலையத்தில் இறங்கிய தலைகளை எண்ணி அளக்க முடியாது. ஒரு மனையை இரண்டு பேருக்கு விற்க முடியாதபடி பதிவு ஒழுங்காகிறதா, அதில் உள்ளூர் உழவரின் உரிமையும் காக்கப்படுகிறதா, வந்தவர்கள் வரி கட்டி, வாக்களித்து, தபோம் மக்களைப் போல ஊரின் நல்லது கெட்டதில் நிற்கிறார்களா, வடக்குப் பிள்ளையும் அட்லாண்டாவிலிருந்து வந்த பிள்ளையும் ஒரே வகுப்பில் ஒரே வரலாற்றைப் படிக்கிறார்களா என்பவைதான் அளவுகோல்கள். விருந்தாளிக்கு விழா போதும். பங்காளிக்குப் பத்திரத்திலும் பங்கு வேண்டும், பழியிலும் பங்கு வேண்டும்.